பற்றுக் கொப்பியின் பின்பக்கங்கள்

கையடக்கத் தொலைபேசியில் புத்தகக் கணக்கு வைக்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவள் என் மகள். வாசித்து முடித்த நூலின் பெயரைத் தட்டினால் அட்டைப்படம் வந்து நிற்கும். வாசித்த திகதியைக் குறிக்கலாம், ஐந்து நட்சத்திரங்களுக்குள் புள்ளி போடலாம், நாலு வரி அபிப்பிராயமும் எழுதலாம். பாடசாலைச் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இது நல்லதொரு பொழுதுபோக்காயிற்று. செயலியில் இல்லாத நூல்களை நானே கையால் சேர்த்தேன். சிறுவயதில் வாசித்தவற்றையும் ஞாபகத்திலிருந்து பதிந்தேன். பத்தாண்டுகளில் 612 நூல்கள் சேர்ந்தன.

சென்ற நோன்புக்கு முந்திய மாதம் அந்தச் செயலியை விட்டு வேறொன்றுக்கு மாறினேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மகள் மாறியிருந்தாள், புதியது நன்றாக இருக்கிறதென்றாள். பழைய இடத்திலிருந்து பட்டியலை ஒரே கோப்பாக இறக்கி, புதிய இடத்தில் ஏற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை என்றும் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் முடியத்தான் செய்தது. 612 இல் 418 வந்து சேர்ந்தன. மிகுதி 194 நூல்களும் "பொருந்தவில்லை" என்ற தலைப்பின் கீழ் வெறும் எழுத்து வரிசையாகக் கிடந்தன.

அந்த 194 ஐயும் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். 171 நூல்கள் இலங்கையில் அச்சானவை. நமது முஸ்லிம் எழுத்தாளர்களின் கவிதைத் தொகுதிகள், மலையகச் சிறுகதைகள், கண்டியிலும் கொழும்பிலும் சொந்தச் செலவில் அடித்த நாவல்கள், விழா மலர்கள், என் உம்மும்மா ஓதிய மாலைப் பாடல் பிரதிகள் எல்லாம் அதில் இருந்தன. ஆங்கிலத்தில் வாசித்தவை ஒன்றுகூடத் தவறவில்லை. என்னை ஆளாக்கிய புத்தகங்கள் வராமல், ஓய்வுக்குப் பின் பொழுதுபோக்குக்காக வாசித்தவை மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன. யாராவது ஒருவர் நாளை அந்தப் பட்டியலைப் பார்த்து என்னை மதிப்பிட்டால், பதுளையில் பிறந்து தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்த ஒருவன் என்று கண்டுபிடிக்கவே மாட்டார்.

ஏன் இப்படியாயிற்று என்று விசாரித்ததில் ஒரு சிறு வரலாறு தெரிய வந்தது.

வாசிப்புக் கணக்கை இணையத்தில் வைக்கும் வழக்கம் பரவலானது 2005 இல் லைப்ரரிதிங் தொடங்கியதோடு. 2006 இல் ஷெல்ஃபாரி வந்தது, 2007 இல் குட்ரீட்ஸ் வந்தது. ஷெல்ஃபாரியை 2008 இல் அமேசன் நிறுவனம் வாங்கிற்று, 2013 இல் குட்ரீட்ஸையும் வாங்கிற்று. 2016 இல் ஷெல்ஃபாரியை மூடி, அதிலிருந்த வாசகர்களைத் தங்கள் பட்டியல்களோடு குட்ரீட்ஸுக்குப் போகச் சொன்னார்கள். பின்னர் புத்தகக் கடைக்காரரின் கையில் வாசிப்புக் கணக்கு இருப்பதை விரும்பாதவர்களுக்காக ஸ்டோரிகிராஃப் போன்ற தனியாட்களின் முயற்சிகள் தோன்றின. ஆக, ஒரு முறை கணக்கு வைத்தவன் ஆயுளில் இரண்டு மூன்று தடவையாவது குடிபெயர வேண்டியிருக்கும். குடிபெயர்வு என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். ஊவாவில் பிறந்தவனுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இத்தகைய செயலிகள் பொதுவாக நூலை அடையாளம் காண்பது ஐ.எஸ்.பி.என் எனப்படும் சர்வதேச நூல் இலக்கத்தால். அது இல்லாவிட்டால் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த இலக்கம் சர்வதேச நியமமானது 1970 இல். பத்து இலக்கமாயிருந்தது 2007 இல் பதின்மூன்றாயிற்று. இலங்கையில் அதை வழங்கும் வேலை 1980களின் நடுப்பகுதியில்தான் தொடங்கியது. நமக்குக் கிடைத்த முன்னிலக்கம் 955, பின்னர் 624 உம் சேர்ந்தது. எனவே அதற்கு முன் இந்நாட்டில் அச்சான எந்தத் தமிழ் நூலுக்கும் முதற்பதிப்பில் இலக்கம் கிடையாது. அதற்குப் பின்னும் சொந்தமாக அச்சிட்ட நம்மவர்கள் பலர் இலக்கம் எடுக்கவில்லை. முந்நூறு பிரதி அடித்து, நண்பர்களுக்குக் கொடுத்து, வெளியீட்டு விழாவில் செலவை மீட்டுக்கொள்ளும் ஒருவருக்கு அந்த இலக்கத்தால் என்ன பயன் என்று தோன்றியிருக்கும். அதில் பிழை சொல்ல முடியாது.

அடுத்த சிக்கல் பெயர். இது நமக்கே உரிய சிக்கல். மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரானை எடுத்துக்கொள்ளுங்கள். முகம்மது, முஹம்மது, முஹம்மத் என்று தமிழிலேயே மூன்று விதமாக எழுதலாம், இலங்கையில் மொஹமட் என்றும் எழுதுவோம். ஆங்கில எழுத்தில் இன்னும் நாலு வகை. நமக்கு எல்லாம் ஒருவரே. இயந்திரத்துக்கு அவர் ஏழெட்டுப் பேர். அஸன்பே, அசன்பே, ஹஸன்பே என்று எப்படி எழுதினாலும் அறிஞர் சித்திலெப்பையின் 1885 ஆம் ஆண்டு நாவலைத்தான் சொல்கிறோம் என்பது நம்மில் ஒரு மாணவனுக்கும் விளங்கும். "எம்.எம்." என்றோ "ஏ.எச்.எம்." என்றோ தலையெழுத்துக்களோடு தொடங்கும் பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் பட்டியலில் இருந்த ஒரு கவிஞருக்கு, தலையெழுத்து ஒத்துப்போன காரணத்தால், கணக்கியல் பாடநூல் ஒன்றை எழுதிய புண்ணியமும் கிடைத்திருந்தது.

இவ்வளவையும் மகளிடம் முறையிட்டபோது அவள் கேட்டாள்: "வாப்பா, அந்தக் காலத்தில இதையெல்லாம் யார்தான் எழுதி வச்சாங்க?"

அவள் சும்மாதான் கேட்டாள். எனக்கு என் வாப்பாவின் பற்றுக் கொப்பி நினைவுக்கு வந்தது.

பதுளை பஸாரில் வாப்பாவுக்கு ஒரு சின்னப் புடவைக்கடை இருந்தது. ஸ்பிரிங்வெளி, தெமோதரை, கோணக்கலை, பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் சனங்கள்தான் வாடிக்கையாளர்கள். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் கடனுக்கு எடுத்து, சம்பள நாளையில் கொஞ்சங் கொஞ்சமாகத் தீர்ப்பார்கள். தோட்டத்தின் பெயர், லய இலக்கம், ஆள், எடுத்த சாமான், தொகை எல்லாம் நீளக் கொப்பியில் வாப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் இருக்கும். அந்தக் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து திறந்தால் வேறொரு கணக்கு தொடங்கும். அது புத்தகக் கணக்கு.

வாப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், ஆனால் வாசிப்புப் பைத்தியம். காசுமேசைக்குக் கீழே ஒரு பலகைப் பெட்டியில் புத்தகங்கள் கிடக்கும். 'கல்கி'யில் 1950 தொடக்கம் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனை வாராவாரம் கிழித்துச் சேர்த்து யாரோ கட்டுவித்த தடித்த கட்டுகள் அதில் பிரதானம். மு.வ.வின் நாவல்கள் இருந்தன. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் இங்குள்ளவர்களின் எழுத்துக்கு ஒரு கிராக்கி வந்தது. வீரகேசரிப் பிரசுரமாக மலிவு விலையில் நாவல்கள் வெளிவந்தன, அவையும் பெட்டிக்குள் சேர்ந்தன. கடனுக்குச் சேலை எடுக்க வந்தவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் பெட்டியை எட்டிப் பார்ப்பார்கள். வாப்பா கூலி வாங்கியதில்லை. ஆனால் எழுதாமல் கொடுத்ததுமில்லை.

கொப்பியின் பின்பக்கங்களில் 1966 முதல் 1977 வரை பதிவுகள் உண்டு. "பொ.செ. 3" என்றால் பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகம். பக்கத்தில் தோட்டமும் லயமும். புத்தகம் திரும்பியதும் வரியைக் குறுக்கே கோடிழுத்து அடித்துவிடுவார். சில வரிகளின் ஓரத்தில் "தாய்க்கு" என்று ஒரு சொல். சிறுவனாயிருந்த நான் அது என்னவென்று கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை புத்தகத்தை எடுத்துப் போய் லயக் காம்பராவில் குப்பி விளக்கில் சத்தமாக வாசிப்பான், கொழுந்தெடுத்துக் களைத்து வந்த தாய் கேட்டுக்கொண்டிருப்பாள், அதனால் அந்தப் புத்தகம் திரும்பி வர இரண்டு சம்பளம் செல்லும், கேட்டு வற்புறுத்தாதே என்றார். கடைப் பையனுக்குச் சொல்லிவைத்த வியாபாரக் குறிப்புத்தான் அது. இன்றைக்கு அந்தச் சொல்லை நான் வேறு விதமாக வாசிக்கிறேன்.

வாசித்தவரோடு கேட்டவரையும் எழுதி வைப்பது நம் நாகரிகத்துக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி ஆறாம் ஏழாம் நூற்றாண்டுகளில் திமிஷ்கிலும் பிற நகரங்களிலும் ஹதீஸ் முதலிய நூல்கள் சபையில் வாசிக்கப்பட்டபோது, கையெழுத்துப் பிரதியின் ஓரத்திலோ கடைசி ஏட்டிலோ "ஸமாஉ" எனப்படும் கேள்விப் பதிவு எழுதப்படும். யார் வாசித்தார், யார் முன்னிலையில், எந்த இடத்தில், எந்த நாளில், யார் யார் கேட்டார்கள் என்ற விபரம் அதில் இருக்கும். ஆலிம்களோடு கடைக்காரர்களும் கைத்தொழிலாளரும் பெண்களும் சிறு பிள்ளைகளும் அதில் பெயர் பெற்றிருக்கிறார்கள். இடையில் எழுந்து போனவர், தூங்கிவிட்டவர் என்று குறித்த பதிவுகளும் உண்டு. இந்தப் பதிவுகளைக் கொண்டுதான் கொன்ராட் ஹிர்ஷ்லர் போன்ற ஆய்வாளர்கள் அந்த நகரங்களின் சாதாரண மக்கள் என்ன வாசித்தார்கள் என்று நூல் எழுத முடிந்திருக்கிறது. கிதாபு மட்டும் எஞ்சியிருந்தால் ஆசிரியரை அறிந்திருப்போம், சபையை அறிந்திருக்க மாட்டோம்.

நூல்களின் வரலாறு வேறு, வாசிப்பின் வரலாறு வேறு. முதலாவதற்கு நம்மிடம் குறையில்லை. 1885 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் அச்சாகும் நூல்களைப் பதிய வேண்டுமென்றது. அஸன்பே வெளிவந்த அதே ஆண்டு. மர்ஹூம் கலாநிதி எம்.எம்.உவைஸ் முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டைத் தமது முதுமாணி ஆய்வுக்கு எடுத்து, 1953 இல் ஆங்கிலத்தில் நூலாக்கி, பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதுவித்தார். நமது மலையகத்துக்கு மர்ஹூம் உவைஸ் போன்று வாய்த்தவர் தெளிவத்தை ஜோசப். இதே பதுளைப் பிரதேசத்தில் பிறந்து, தாம் படிப்பித்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். பழைய பத்திரிகைக் கட்டுகளைத் துழாவித் தேடி மலையகச் சிறுகதைக்கு ஒரு வரலாறு எழுதினார். 2022 இல் அவர் காலமாகும் வரை அந்தத் தேடல் நிற்கவில்லை. என். செல்வராஜா 2002 முதல் 'நூல்தேட்டம்' என்ற தலைப்பில் தொகுதிக்கு ஆயிரம் நூலாக ஈழத்துத் தமிழ் நூல்களைப் பட்டியலிட்டு வருகிறார். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய ஆவணக்கூடம் நூல்களைப் பக்கம் பக்கமாகவே காட்டுகிறது.

இவ்வளவும் எழுதியவர்களின், அச்சிட்டவர்களின் கணக்கு. வாசித்தவரின் கணக்கு எங்கே? தமிழில் ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' (2002) என்ற நூலில் அந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டை வைத்துக் கேட்டிருக்கிறார். இத்தாலியில் கார்லோ கின்ஸ்பர்க் 1976 இல் பதினாறாம் நூற்றாண்டின் ஒரு மாவரைப்பவனுடைய வாசிப்பை நூலாக எழுதினார். மெனோக்கியோ என்ற அந்த மனிதன் எந்தெந்த நூல்களை வாசித்தான், யாரிடம் இரவல் பெற்றான் என்பதெல்லாம் இன்று தெரியக் காரணம், மதவிசாரணை மன்றத்தினர் அவனை விசாரித்து எழுதி வைத்ததுதான். கடைசியில் அவனுக்கு மரண தண்டனையும் கொடுத்தார்கள். ஏழை ஒருவனின் வாசிப்புப் பட்டியல் காப்பாற்றப்படுவதற்கு அப்படியொரு விலை வேண்டியிருந்தது. ஸ்பிரிங்வெளி லயத்துப் பிள்ளை எதை வாசித்தான் என்பதை யாரும் விசாரிக்கவில்லை, நல்ல வேளை. ஆனால் அதனால்தான் அவனுடைய வாசிப்பு ஒரு புடவைக்கடைக் கொப்பியின் பின்பக்கத்தைத் தவிர வேறெங்கும் இல்லை.

இனிக் குடிபெயர்வு.

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிகுதி 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கொப்பியின் பின்பக்கங்களில் அந்த ஒப்பந்தம் நடைமுறையாவதை நான் பார்க்கிறேன். 1970க்குப் பின் அடிக்கப்படாத வரிகள் கூடுகின்றன. அவற்றின் ஓரத்தில் வாப்பா "இந்தியா" என்று மட்டும் எழுதியிருக்கிறார். கொப்பியின் முன்பக்கத்தில் அதே ஆட்களின் துணிக்கடன் சதம் மிச்சமில்லாமல் தீர்க்கப்பட்டிருக்கிறது. போகும் முன் கடனைத் தீர்க்காமல் போனவர் எங்கள் கணக்கில் இரண்டு பேர்தான். அதற்கும் அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். புத்தகத்தை மட்டும் கொண்டு போயிருக்கிறார்கள்.

அதில் ஒன்று நானே கையில் கொடுத்தது. 1975, எனக்குப் பதினைந்து வயது. என்னிலும் மூன்று நான்கு வயது மூத்த ஓர் அண்ணன், ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவர், பயணத்துக்கு முதல்நாள் கடைக்கு வந்து கைவசமிருந்த இரண்டு புத்தகங்களைத் திருப்பித் தந்தார். வாப்பா வரிகளை அடித்தார். பிறகு பெட்டிக்குள் குனிந்து 'காலங்கள் சாவதில்லை'யை எடுத்தார். தெளிவத்தையின் அந்த நாவல் முந்திய ஆண்டுதான் வந்திருந்தது. அண்ணன் வேண்டாமென்றார்: "எப்பிடி முதலாளி திருப்பித் தர்றது?" வாப்பா அதற்குப் பதில் சொல்லாமல் கொப்பியைத் திருப்பி வழக்கம்போல எழுதினார். எழுதினால் அது இரவல், தானமில்லை என்பது வாப்பாவின் கணக்கு. யாரையும் தானம் வாங்கியவராக்க அவருக்குப் பிடிக்காது. மறுநாள் காலை ரயில் நிலையத்துக்குக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மலையகத்தில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். அன்று மேடையில் எழுந்த சத்தத்தில் நான் சொன்னதும் அவர் சொன்னதும் எங்களுக்கே கேட்கவில்லை. தகரப்பெட்டியைத் திறந்து வேட்டிக்குள் புத்தகத்தை வைத்ததைப் பார்த்தேன். தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். அதற்கப்பால் நீலகிரியா, வேறெங்கா தெரியாது. வரி இன்றும் அடிக்கப்படாமல் இருக்கிறது.

கொப்பி எப்படித் தப்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1983 ஜூலை 27 அன்று பதுளையில் தமிழர் கடைகள் எரிந்தன. எங்கள் கடைக்கு மூன்று கடை தள்ளி ஒருவர் வாடகைக்கு நாவல் கொடுக்கும் சிறு நூல்நிலையம் வைத்திருந்தார். அது முழுதாகப் போயிற்று. புத்தகங்களோடு அவருடைய பெயர்ப்பதிவுக் கொப்பிகளும் போயின. ஊரில் பாதிப் பேர் எதை வாசித்து வளர்ந்தார்கள் என்பது அந்தக் கொப்பிகளில் இருந்தது. எங்கள் பழைய கொப்பிகள் வீட்டில் அரிசிப் பெட்டிக்கு மேலே கிடந்தன, அவ்வளவுதான் காரணம். யாழ்ப்பாண நூலகத்தில் 1981 இல் எரிந்த 97,000 நூல்களைப் பற்றி நாம் சரியாகவே திரும்பத் திரும்பப் பேசுகிறோம். பஸார் வாடகை நூல்நிலையங்களுக்கு இரங்கற்பா எழுதுவார் இல்லை. எங்கள் மலையில் நெருப்பு மட்டுமா? 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போன வீடுகளில் என்னென்ன பெட்டிகள் இருந்தனவோ.

2003 இல் நான் அந்தப் பின்பக்கங்களைக் கணினியில் தட்டச்சு செய்தேன். அன்று நம்மெல்லோரிடமும் இருந்தது பாமினி எழுத்துரு. பத்தாண்டு கழித்து வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகப் பேய்மொழி. எழுத்துருமாற்றி ஒன்றில் போட்டு யூனிக்கோடுக்குக் கொண்டுவந்தோம். எழுத்துக்கள் சில இடங்களில் பிறழ்ந்தன, மூலக்கொப்பி கையிலிருந்ததால் திருத்தினேன். அதுதான் எனது முதல் குடிபெயர்வு. மூலத்தை எறிந்துவிடாமலிருந்ததன் அருமை அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும்.

இப்போதைய மாற்றத்துக்கு வருகிறேன். இதே காரியத்தில் இறங்கும் அன்பர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள் உதவக்கூடும். செயலி தரும் கோப்பு காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட சாதாரண அட்டவணை. அதை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம். தரவை உள்வாங்கும் வழியாகச் சென்று யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்து திறக்க வேண்டும், அல்லது லிப்ரே ஆபிஸ் கேட்கும் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல வேண்டும். சிதைந்த நிலையில் சேமித்துவிட்டால் மீட்பது கடினம். நீண்ட ஐ.எஸ்.பி.என் இலக்கத்தை எக்செல் ஒரு தொகையென்று எண்ணிச் சுருக்கிவிடும், அந்த நிரலை முதலிலேயே எழுத்து வகையாக்க வேண்டும். மீள்வாசிப்பு இன்னொரு குழி. ஒரு நூலை ஐந்து முறை வாசித்திருந்தாலும் எனது கோப்பில் கடைசித் திகதி மட்டுமே இருந்தது. முந்திய நான்கையும் பழைய செயலியின் பக்கத்தைப் பார்த்துக் கையால் குறித்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் முன்னதாக, இறக்கிய கோப்பின் ஒரு பிரதியைத் தொடாமல் தனியே வைத்துவிட வேண்டும். பழைய கணக்கை உடனே அழிக்கவும் கூடாது. நான் இன்னும் அழிக்கவில்லை.

வராத 194 நூல்களையும் ஒவ்வொன்றாகப் புதிய செயலியின் நூற்பட்டியலில் சேர்க்கத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு நான்கைந்து. அச்சகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை எல்லாம் கேட்பார்கள். என்னிடம் பிரதி இல்லாதவற்றுக்கு நூலகம் தளத்திலிருக்கும் தலைப்புப் பக்கத்தைப் பார்ப்பேன், அங்கும் இல்லையென்றால் நூல்தேட்டம். முன்பின் தெரியாத ஒருவர் பட்டியலிட்டு வைத்த ஒரு வரியால், எங்கோ அச்சடித்த சிறு கவிதைத் தொகுதி ஒன்று மீண்டும் ஒரு பட்டியலில் உட்காரும்போது உண்டாகும் சந்தோஷம் எழுதி விளங்கப்படுத்தக் கூடியதல்ல. ஒருவர் சேர்த்தால் அது உலகத்தில் அந்தச் செயலியைப் பாவிக்கும் எல்லோருக்கும் கிடைக்கும். நமது எழுத்தாளர்கள் தங்கள் நூல்களைத் தாங்களே சேர்ப்பதற்கு ஏன் கூச்சப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியீட்டு விழாவுக்கு முந்நூறு அழைப்பிதழ் எழுதுகிறவர்களுக்கு இது பத்து நிமிட வேலை.

எட்டுக் கிழமைகளில் 160 நூல்கள் சேர்ந்தன. 34 எஞ்சியுள்ளன. அவற்றில் பெரும்பகுதி உம்மும்மாவின் அரபுத்தமிழ்ப் பிரதிகள். அட்டையில்லை, முதலேடு இல்லை, சிலவற்றில் ஆசிரியர் பெயருமில்லை. அரபு எழுத்தில் தமிழ். செயலி மொழி எது என்று கேட்கிறது. தமிழ் என்று போட்டால் தலைப்பைத் தமிழெழுத்தில் எழுத வேண்டும், அரபு என்று போட்டால் பொய். எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்றும் கேட்கிறது. வெள்ளியிரவுகளில் அவர் ஓத நாங்கள் பாயில் சுற்றியிருந்து கேட்டதை நான் வாசித்ததாகக் கணக்கிடலாமா? வாப்பாவின் கொப்பியில் அதற்கு வழியிருந்தது, ஓரத்தில் ஒரு சொல் போதும். செயலியில் இல்லை.

பின்பக்கங்களையே செயலியில் ஏற்றினாலென்ன என்று மகள் ஒரு யோசனை சொன்னாள். வாப்பாவின் பெயரில் ஒரு கணக்கு, தோட்டத்துக்கு ஓர் அடுக்கு. ஒரு நாள் முழுக்க அந்த எண்ணம் எனக்கும் இனித்தது. பிறகு வேண்டாமென்றேன். எங்கள் பெட்டியிலிருந்து புத்தகம் எடுத்தவர்கள் ஒரு கடைக்காரரை நம்பித்தான் பெயரைச் சொன்னார்கள், உலகத்துக்கு அல்ல. அவர்களில் பலர் இன்று இல்லை, இருப்பவர்களிடம் கேட்க வழியில்லை. பேர் எழுதப்படுவதென்றால் செக்ரோலிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் எழுதப்பட்டு அலைக்கழிந்தவர்கள் அவர்கள். ஆகவே தனியாக ஓர் அட்டவணை செய்தோம். நூல், எடுத்த திகதி, திரும்பிய திகதி, தோட்டம், லயம், ஓரக்குறிப்பு என்று ஆறு நிரல்கள். ஆட்களின் பெயருக்கு நிரல் வைக்கவில்லை. மகளுக்கு அதில் முழுச் சம்மதமில்லை. "பெயரில்லாட்டி யாருக்கு வாப்பா அது வரலாறு?" என்கிறாள். மூலக்கொப்பியில் பெயர்கள் இருக்கின்றன, வருகிறவர் வந்து பார்க்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

அட்டவணை 1972 ஆம் ஆண்டு வரை வந்திருக்கிறது. பின்னேரங்களில் அவள் வாசிக்க நான் கொப்பியோடு ஒப்பிடுகிறேன். "பொ.செ. 3, கோணக்கலை, ஆறாம் லயம், தாய்க்கு" என்று நேற்று வாசித்தவள் நிறுத்தி, நாலாம் பாகத்தை அவர்கள் எடுத்தார்களா என்று கேட்டாள். இரண்டு பக்கம் தள்ளித் தேடினோம். எடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் பாகத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.